ஒன்பதாம் நாளின் புகை

தீக்காலம் தொடங்கிய ஒன்பதாம் நாள் காலை, நகரத்தின் கிழக்குப் பகுதியில் ஒரே ஒரு வீட்டின் மேல் புகை வந்து நின்றது. தெருவில் போனவர்களுக்கு அது தெரியவில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்களுக்கும் தெரியவில்லை. வாசனையும் இல்லை. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு மட்டும் அது தெரிந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது எடுத்து அனுப்பிய படங்களில், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் இம்மியும் நகராமல், துடைத்த தரையில் பதிந்த ஈரக் காலடிபோல அந்தப் புகை கிடந்தது. எழுபது நாள் அப்படியே இருந்தது. தீக்காலம் முடிந்ததும் போய்விட்டது. மறுவருடம் அதே ஒன்பதாம் நாள், சொல்லிவைத்த விருந்தாளிபோலத் திரும்பி வந்தது.

அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்: ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக், அவருடைய மனைவி, புகை முதலில் வந்தபோது எட்டு வயதான மகள். அந்த மனைவிக்குப் புகை கண்காணிப்பு அலுவலகத்தில் வேலை. அந்தப் புகை யார் வீட்டின் மேல் நிற்கிறது என்று உலகத்திலேயே முதலில் தெரிந்துகொண்டவள் அவள்தான். யாரிடமும் சொல்லாதவளும் அவள்தான்.

அலுவலகம் ஒரு பழைய தபால் கிடங்கின் இரண்டாம் மாடியில் இருந்தது. நீளமான ஒற்றை அறை, எட்டுத் திரைகள், எட்டு நாற்காலிகள். அதில் ஒன்று சாய்ந்தால் சாய்ந்தபடியே போய்விடும் என்பதால் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். வேலை என்னவென்று கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். படத்தில் புகை எங்கே இருக்கிறது என்று பார்த்து அதைச் சுற்றிக் கோடு போட வேண்டும். மெல்லிய புகைக்குப் பச்சை, நடுத்தரத்துக்கு மஞ்சள், கனத்ததற்குச் சிவப்பு. அந்தக் கோடுகள் வரைபடமாகி ஊர்களுக்குப் போகும். ஊர்கள் அதைப் பார்த்து ஜன்னலைச் சாத்தும், பள்ளிக்கு விடுமுறை விடும், சாலை போடும் வேலையை நிறுத்தும். இயந்திரத்தை வைத்துக் கோடு போடவும் ஒருமுறை முயன்றார்கள்; அது மேகத்தையும் புகையையும் மாற்றி மாற்றிச் சொன்னது. மேகத்துக்கு விளிம்பு உண்டு, புகைக்கு இழை உண்டு. அதைப் பழகிய கண்தான் பிரிக்கும். பழகிய கண்ணுக்கும் ஒரு சங்கடம் இருந்தது. காலைச் சாய்வெயிலிலும் மாலைச் சாய்வெயிலிலும் புகை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். உச்சிவெயிலில், வெளிறிய நிலத்தின் மேல், அது இருந்தும் இல்லாததுபோல ஆகிவிடும். அதனால் காலை ஷிஃப்டில் ஒருவர் போட்ட கோடு மதியம் வருகிறவரின் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், மாலை வெயில் வந்து தீர்ப்புச் சொல்லும்வரை அதைப் படத்துக்குப் படம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கோடு சுமப்பது என்று அதற்குப் பெயர்.

இன்னும் இரண்டு விதிகள் இருந்தன. எந்தப் புகையானாலும் அது கிளம்பிய தீயோடு ஒரு புள்ளிக்கோட்டால் இணைக்க வேண்டும். நெருப்பில்லாமல் புகையாது என்பது வெளியே பழமொழி. அந்த அறையில் சட்டம். தீ கிடைக்காத புகை வரைபடத்தில் ஏறாது. இரண்டாவது, மாலை ஆறு மணிக்கு அன்றைய நாளை மூடிவிடுவார்கள். மூடிய நாளை அப்புறம் யாரும் தொடக் கூடாது. மூடுகிறவர் தலைமை அதிகாரி. அவருக்கு அலுவலகத்தில் ஆறு மணி என்றே பெயர். ‘ஆறு மணி இன்னைக்கு மூணு மணிக்கே கிளம்பிட்டார்’ என்று சொன்னால் அங்கே ஒருவரும் சிரிப்பதில்லை, அவ்வளவு பழகிவிட்டது. காலை ஷிஃப்ட்காரனுக்குக் கழுகு என்று பெயர். கண்ணுக்காக வைத்ததில்லை, மூக்குக்காக வைத்தது.

அவளுக்கு மூடுபனி என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். வீட்டின் மேல் புகை வருவதற்கு முந்தின வருடம், தீக்காலத்தின் மூன்றாம் நாள், அவள் காலை ஷிஃப்டில் இருந்தாள். ஓர் ஏரியின் மேல் கிடந்த மூடுபனியைப் புகை என்று நம்பிச் சிவப்புக் கோடு போட்டுவிட்டாள். மூன்று ஊர்கள் பள்ளிகளைப் பூட்டின. ஓர் ஊரில் கல்யாணத்தையே தள்ளிவைத்தார்கள். பத்து மணிக்குப் பனி விலகி வெயில் பளிச்சென்று அடித்தது. அன்று முழுவதும் தொலைபேசியில் ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளை அவள் நின்றுகொண்டே வாங்கிக்கொண்டாள். அவளை மதிய ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். கழுகு தினமும் அவள் வரும் நேரம் பார்த்து ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்து, “மேடம், இன்னைக்கு எப்படி? ஸ்வெட்டர் போட்டுக்கட்டுமா, மாஸ்க் போட்டுக்கட்டுமா?” என்று கேட்டான். அறை சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிக்கும்போது தன் காது மடல்கள் சூடாவதை மட்டும் அவளால் தடுக்க முடியவில்லை.

அதே தீக்காலத்தின் ஒன்பதாம் நாள் கழுகு காலையில் ஒரு மெல்லிய கோடு போட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தான். தெற்கே நானூறு கிலோமீட்டரில் ஒரு குன்று எரிந்தது. அதன் புகை இறங்கிப் பக்கத்துச் சிற்றூரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அவள் வந்து உட்கார்ந்தபோது அந்தக் கோட்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை. வெளிறிய நிலம், அதற்கு மேல் மேகம் மாதிரி ஒரு மங்கல். வழக்கப்படி அவள் அதைச் சுமந்திருக்க வேண்டும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இன்னொரு மூடுபனிக்குத் தன் பெயர் போட அவளுக்குத் தைரியமில்லை. மேகம் என்று எழுதிவிட்டுக் கோட்டை அழித்தாள்.

ஐந்து நாற்பதுக்கு வந்த படத்தில் வெயில் சாய்ந்திருந்தது. கழுகு போட்ட அதே இடத்தில் புகை இருந்தது. இழை இழையாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல், அவன் போட்டதைவிடக் கனமாக இருந்தது. நாளை மூட இருபது நிமிடம் பாக்கி. கோடு போட இரண்டு நிமிடம் போதும். கையில் பேனா இருந்தது. போட்டால், மதியம் ஏன் அழித்தாய் என்று கேட்பார்கள். பெயருக்கு மேல் ஒரு பெயர் வரும். பொழுது சாயப்போகிறது, கடந்துபோன புகைக்குக் கோடு போட்டு இனி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள். தான் அப்படி நினைக்கவே இல்லை, யாரோ காதருகே சொன்னார்கள் என்று பின்னால் பலமுறை அவளுக்குத் தோன்றியதுண்டு. ஆறு மணி வந்து நாளை மூடினார்.

இரண்டு நாள் கழித்துச் செய்தித்தாளின் உள்பக்கத்தில் படித்தாள். அந்தச் சிற்றூரில் ஒன்பதாம் நாள் மூன்று மணிக்குப் பள்ளி ஓட்டப்பந்தயம் நடந்திருந்தது. பதினொரு பிள்ளைகள் மூச்சு முட்டி விழுந்தார்கள். அதில் ஒரு பெண் பிள்ளை நாற்பது நாள் படுக்கையில் இருந்தது என்பதைப் பின்னால் வந்த இன்னொரு சின்னச் செய்தியில் தெரிந்துகொண்டாள். வரைபடத்தில் வானம் சுத்தமாக இருந்ததால் டாக்டர்கள் மகரந்தம் என்றார்கள், ஊர்க்காரர்கள் வெயில் என்றார்கள், பள்ளி நிர்வாகம் பிள்ளைகளைக் கண்மண் தெரியாமல் ஓடவிட்டார் என்று விளையாட்டு வாத்தியாரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தேடிப் பிடித்து, அவள் ஒரு துண்டுத் தாளில் எழுதி, பொத்தான்கள் போட்டுவைக்கும் டப்பாவுக்குள் போட்டாள். எதற்கு என்று அப்போது அவளுக்கே தெரியாது. அன்றைக்கு அது மேகம்தானா என்று கழுகு கேட்டான். மேகம்தான் என்றாள். அவன் நம்பிவிட்டான். நம்பியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுவருடம் வீட்டின் மேல் புகை வந்தது.

முதல் வருடம் முழுக்க அவள் ஒரு நம்பிக்கையில் ஓட்டினாள். படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் அரை கிலோமீட்டர். அதற்குள் ஆயிரம் வீடுகள் இருக்கும். ஆயிரத்தில் யார் வீட்டுக்கு வந்ததோ, யார் என்ன செய்தார்களோ என்று நினைத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் உற்றுப் பார்த்தாள். பூட்டு ரிப்பேர் செய்கிறவர் முகத்தில் ஏதோ இருக்கிறது என்றுகூட ஒருநாள் தோன்றியது. அலுவலகத்திலும் அந்தப் புள்ளியைப் பார்த்தார்கள். பொறியாளர்கள் வந்து மூன்று நாள் சோதித்தார்கள். தீ இல்லை, ஆகவே புகை இல்லை, ஆகவே கருவிக் கோளாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அலுவலகத்தின் நல்ல நாற்காலி ஒன்றைத் தங்கள் அறைக்கு எடுத்துப் போனார்கள்.

அந்த வருடம்தான் மகளுக்கு இருமல் வந்தது. பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். பள்ளியில் இருந்தாலும் சரி, வீட்டில் இருந்தாலும் சரி, கடைத்தெருவில் அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தாலும் சரி, பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்து நாற்பதுக்கு நின்றுவிடும். குழாயை மூடினதுபோல நிற்கும். இந்தக் கணக்கை வேறு யாரும் கவனிக்கவில்லை. டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரல் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று சொன்னார்கள். அவள் கடிகாரத்தைப் பார்த்தபடி இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். விடுமுறை நாட்களில் ஐந்து முப்பதிலிருந்து அவளுக்கே மூச்சு நின்றுவிடும்போல இருக்கும். நாற்பதானதும் மகள் எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல, தண்ணீர் குடித்துவிட்டு விளையாடப் போவாள். கணவர் தன் தொழில் புத்தியிலிருந்து ஒன்று சொன்னார். “ஃப்ரிட்ஜ்ல எல்லா பார்ட்டும் சரியா இருந்தும் சத்தம் வருதுன்னா, அது நிக்கிற தரை கோணல்னு அர்த்தம்மா. உள்ள நோண்டிப் பிரயோஜனம் இல்ல.” அவர் வீட்டைச் சொன்னார். அவள் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள்.

மறுவருடத் தீக்காலத்தின் நடுவில் வீடு மாறினார்கள். நகரத்தின் மேற்குக் கோடியில், ஏழு கிலோமீட்டர் தள்ளி, ஜன்னல்கள் நிறைய உள்ள வீடு. சாமான் வண்டி நெரிசலில் மாட்டி நான்கு மணிக்குத்தான் வந்து சேர்ந்தது. புகை ஒன்றரைக்கே வந்துவிட்டது. அலுவலகத்தில் உட்கார்ந்து அவள் அதைப் பார்த்தாள்: பழைய புள்ளி வெறுமையாகி, பத்து நிமிடத்துக்கு ஒரு தாவலாக நகரத்தைக் குறுக்கே தாண்டிப் புதிய வீட்டின் மேல் உட்கார்ந்தது. ஆயிரம் வீடுகள் என்ற ஆறுதல் அத்தோடு போயிற்று. பூட்டு ரிப்பேர்காரரிடம் அவள் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

புகையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவது அவளுடைய தொழில். படங்களைப் பின்னோக்கி ஓட்டினால், விரிந்த புகை சுருங்கிச் சுருங்கித் தான் கிளம்பிய தீக்குள் போய் ஒடுங்கும். இரண்டாம் வருடம் ஒருநாள் உணவு இடைவேளையில், அறையில் யாரும் இல்லாதபோது, தன் வீட்டுப் புகையை அது வந்த காலையிலிருந்து பின்னோக்கி ஓட்டினாள். நூலிழையாக அது தெற்கே போனது. நெடுஞ்சாலையைத் தாண்டியது, நெல்வயல்களைத் தாண்டியது, பெரிய ஆற்றங்கரை வந்தது. அங்கே நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனாள். பிறகு ஏழெட்டு முறை ஓட்டியிருப்பாள். ஒவ்வொரு முறையும் ஆற்றங்கரையில் நிறுத்தினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாதவரைதான் அது கருவிக் கோளாறு.

மூன்றாம் வருடம் மகளுக்குப் பத்து வயது. காலையில் ஓடிப் பழகினாள், காலையில் இருமல் இல்லை. கால்கள் நீண்டிருந்தன, நன்றாக ஓடினாள். பள்ளிகளுக்கிடையேயான ஓட்டத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். தீக்காலத்தின் நாற்பத்தொன்றாம் நாள், மாலை மூன்று மணி. மூன்று மணி என்று கேட்டதும் அம்மாவின் கையிலிருந்த தட்டு நழுவியது. அந்த வருடம் இருமல் முன்னைவிட மோசமாகியிருந்தது. மதியத்தில் மாடிப்படி ஏறினாலே மகளின் உதடு நீலம் பாரித்தது. ஓட வேண்டாம் என்று சொன்னாள். கணவர் பள்ளியில் பேசிப் பார்க்கிறேன் என்றார். மகள் அழவில்லை. அப்பாவின் போனை எடுத்து, வரைபடத்தைத் திறந்து, அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“பாரும்மா. பச்சைகூட இல்ல. சுத்தமா இருக்கு. நீ போட்டதுதானே?”

அவள் போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“நீ போட்டத நீயே நம்பலன்னா வேற யாரும்மா நம்புவா?”

பத்து வயதுப் பிள்ளைகள் இப்படிக் கேட்டுவிட்டு அடுத்த நிமிடமே கார்ட்டூன் பார்க்கப் போய்விடுவார்கள். இவளும் போனாள். கேள்வி போகவில்லை. அது கூடத்தில், துவைத்து மடித்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. சாப்பிடும்போதும், பாத்திரம் கழுவும்போதும், விளக்கை அணைத்த பிறகும் அதைத் தாண்டித்தான் அவள் நடமாட வேண்டியிருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் படங்களைப் பின்னோக்கி ஓட்டி, ஆற்றைத் தாண்டினாள். அக்கரையில் தோப்புகள், ரயில்பாதை, ஒரு சிற்றூர். ஊர் நடுவே ஒரு விளையாட்டு மைதானம். புகை அதன் மேல் கொஞ்சம் நின்றது, யாரையோ எதிர்பார்ப்பதுபோல. அப்புறம் ஊருக்குப் பின்னால் ஒரு குன்றின் சரிவில் இறங்கி ஒடுங்கியது. அந்தச் சரிவில் இப்போது தீ இல்லை, மூன்று வருடத்துச் சாம்பலும் அதற்கு மேல் முளைத்த புல்லும்தான். அவள் நினைத்துக்கொண்டிருந்த இடம்தான். நினைத்த இடமாகவே இருந்ததில் ஒருவித நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியைக் கண்டு அவளுக்குப் பயமாக இருந்தது. எழுந்து நேரே தலைமை அதிகாரியின் மேசைக்குப் போனாள். அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

“சார், ஒரு நாளைத் திறக்கணும்.”

“நேத்தா?”

“மூணு வருஷத்துக்கு முன்னாடி. ஒன்பதாம் நாள்.”

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். “மூடின நாளு மூடினதுதாம்மா. நீ கேக்கறது செத்தவரை எழுப்பிக் கையெழுத்து வாங்கற மாதிரி இருக்கு.” கணினியில் அந்த நாளைத் தேடிப் பார்த்தார். “மேகம்னு போட்டிருக்கே.”

“புகை சார். கழுகு சரியாத்தான் போட்டிருந்தான். நான்தான் அழிச்சேன். அஞ்சு நாப்பதுக்கு மறுபடியும் தெரிஞ்சுது. பார்த்தேன். பார்த்தும் போடல.”

அறையின் மறுகோடியில் கழுகு, வீட்டுக்குக் கிளம்பத் தன் பையில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டிருந்தவன், வைப்பதை நிறுத்தினான். அதிகாரி அவளைத் திட்டவில்லை. அந்தப் பதினொரு பிள்ளைகளைப் பற்றியும் கேட்கவில்லை. அதெல்லாம் பின்னால், எழுத்தில், பெரிய அலுவலகத்திலிருந்து வந்தது. அப்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“தீ கிடைச்சுதா?”

“கிடைச்சுது சார்.”

“அப்ப போடலாம்” என்றார்.

அதற்கென்று ஒரு படிவம் இருந்தது என்பதே அந்த அறையில் யாருக்கும் தெரியாது. அலுவலகம் தொடங்கிய வருடம் அச்சடித்த நூறு படிவங்கள், கட்டுப் பிரிக்காமல், அவருடைய கடைசி இழுப்பறையில் ஓரம் பழுத்துக் கிடந்தன. முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்துப் பிரித்தார். காரணம் என்று போட்டிருந்த கட்டத்தில் அவள், “தெரியவில்லை என்று அழித்தேன், தெரிந்த பிறகு பயந்தேன்” என்று எழுதினாள். கட்டம் பெரிதாக இருந்தது. மீதி இடத்தில் எழுத ஒன்றும் இல்லை. மேலிடத்து ஒப்புதல் மறுநாள் மதியம்தான் வரும் என்றார் அவர். மறுநாள் நாற்பத்தொன்றாம் நாள்.

மகளின் ஓட்டக் காலணியை அவள் முன்பே அலமாரிக்கு மேல் ஒளித்துவைத்திருந்தாள். அன்று வேலைக்குக் கிளம்பும்போது அதை எடுத்து, நாடாக்களைத் தளர்த்தி, வாசலில் பக்கம் பக்கமாக வைத்தாள். கணவரிடம் மைதானத்திலிருந்து போன் செய்யச் சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவள் ஏதோ ஒன்றின் மூடியைத் திறக்கப்போகிறாள் என்பது பழுது பார்க்கிறவருக்குத் தெரிந்திருக்கும்.

பன்னிரண்டு இருபதுக்கு ஒப்புதல் வந்தது. அதிகாரி அந்த நாளைத் திறந்தார். பன்னிரண்டிலிருந்து ஐந்து நாற்பது வரை முப்பத்தைந்து படங்கள். ஒவ்வொன்றாகக் கோடு போட வேண்டும், ஒன்றைத் தாண்டி ஒன்றுக்குப் போக முடியாது. மதியப் படங்களில் புகை இப்போதும் தெரியவில்லை. முதலில் மாலைப் படத்தைப் பார்த்து வடிவத்தை மனதில் வைத்துக்கொண்டு, காற்றின் வேகத்தைக் கணக்குப் போட்டு, இந்த நிமிடத்தில் இங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்று, கண்ணுக்குத் தெரியாததைச் சுற்றிக் கோடு போட்டாள். மூன்று வருடத்துக்கு முன் அவள் சுமந்திருக்க வேண்டிய கோடு அது. ஒன்று இருபதுக்குக் கணவர் போன் செய்து, பிள்ளை இருமிக்கொண்டே மைதான ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், திருப்பிக் கூட்டிவந்துவிடவா என்று கேட்டார். இருங்க என்றாள். இரண்டு மணிக்கு மறுபடியும் கேட்டார். அவள் இருபத்திரண்டாவது படத்தில் இருந்தாள். அதற்குமேல் அவள் போனை எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்ததைக் கழுகு வந்து எடுத்து, தனக்குத் தெரியாத மெக்கானிக்கிடம், “சார், இன்னும் பதினோரு படம் இருக்கு, வேகமாத்தான் போட்டுட்டிருக்காங்க” என்று கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிறவன்போலச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் ஷிஃப்ட் எப்போதோ முடிந்திருந்தது. ஏன் போகவில்லை என்று அவளும் கேட்கவில்லை, ஏன் பொய் சொன்னாய் என்று அவனும் கேட்கவில்லை.

பதினைந்தாவது படத்திலிருந்து கோடு அந்தப் பள்ளி மைதானத்தைத் தொட்டது. பத்தொன்பதாவது படம் மூன்று மணி. அதில் மைதானம் முழுக்கச் சிவப்புக்குள் இருந்தது. அதையும் அழுத்தமாகவே போட்டாள். இரண்டு ஐம்பத்தாறுக்கு முப்பத்தைந்தாவது கோட்டை மூடி, அதைக் குன்றின் சரிவோடு புள்ளிக்கோட்டால் இணைத்தாள். கழுகு போனை அவள் காதில் வைத்தான்.

“இருமல் நின்னுடுச்சு” என்றார் கணவர். “வரிசையில போய் நின்னுட்டா. நீ என்னம்மா பண்ணின?”

“விட்டுப்போன கோடு ஒண்ணு இருந்துச்சுங்க. போட்டேன்.”

மகள் இருபத்திரண்டு பேரில் பதினான்காவதாக வந்தாள். காலணி கடித்தது என்று வீட்டுக்கு வந்து புகார் சொன்னாள்.

இருமல் போயிற்று, ஆனால் புகை போகவில்லை. படத்தில் அது வீட்டின் மேல் அப்படியே நின்றது. அடுத்த நாள் மாலை அவள் பொத்தான் டப்பாவிலிருந்து அந்தத் துண்டுத் தாளை எடுத்தாள். விளையாட்டு வாத்தியார் இப்போது ஒரு மரக்கடையில் பலகை அளந்துகொண்டிருந்தார். பின்னால் அறுக்கும் சத்தம் கேட்டது. தான் யார், என்ன செய்தாள் என்பதை அவள் ஒத்திகை பார்த்துவைத்த வரிசையில் சொல்லி முடித்தாள். அவர் யாரிடமோ மெஷினை நிறுத்தச் சொன்னார்.

“அன்னிக்கு வானம் ஒரு மாதிரி வெளுப்பா இருந்துச்சும்மா. நான் பார்த்தேன். தொண்டை கமறுச்சு. அப்புறம் உங்க மேப்பப் பார்த்தேன். சுத்தமா இருந்துச்சு. என் கண்ணு பொய், மேப்தான் நிஜம்னு விசிலை ஊதிட்டேன்.” அளவு நாடாவைச் சுருட்டும் சத்தம் கேட்டது. “மூணு வருஷமா எனக்குக் கண்ணுதான் கோளாறுன்னு நினைச்சிட்டிருந்தேன்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. போனை வைக்கப்போனவர் நின்று, “அந்தப் புகை இப்ப எங்க இருக்கு?” என்றார்.

“எங்க வீட்டு மேல சார்.”

அவர் வியப்படையவில்லை. பலகையின் நீளத்தைக் கேட்டுக்கொண்டவர்போல, உம் என்றார்.

“அனுப்பி வச்சிடுங்க. எங்க ஊர்ப் புகைதானே.”

மறுநாள் காலை ஆறு பத்துப் படத்தில் புகை கிளம்பியது. வடக்கே அடித்துக்கொண்டிருந்த காற்றுக்கு எதிராக, மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில், ஒரு மனிதர் நடக்கிற வேகத்தில், மூன்று நாள் தெற்கே போனது. இந்த முறை அதற்குத் தீ இருந்தது, ஆகவே அலுவலகம் அதை வரைபடத்தில் ஏற்றியது. வழியிலிருந்த ஊர்கள் ஜன்னலைச் சாத்தின. அந்தச் சிற்றூரில் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். வாத்தியார் மட்டும் கடையில் சொல்லிவிட்டுப் போய், வெறும் மைதானத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். வானம் ஒரு மாதிரி வெளுப்பாக இருந்தது என்று பின்னால் சொன்னார். புகை மைதானத்தின் மேல் இருபது நிமிடம் நின்று, குன்றின் சரிவில் இறங்கிச் சாம்பலுக்குள் போய்விட்டது. புகை வெளியே வருவதற்கு மட்டும்தான் படிவத்தில் இடம் இருந்தது. உள்ளே போவதற்கு ஒரு கட்டத்தைப் பென்சிலால் வரைந்து சேர்த்தார்கள். அடுத்த அச்சில் அது மையிலேயே வந்தது.

திரும்ப வேலைக்கு வரச் சொல்லி வாத்தியாருக்குப் பள்ளியிலிருந்து கடிதம் போயிற்று. அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதினார். ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் காலைகளில் மைதானத்துக்கு வந்துவிடுகிறார். அவளுக்கு ஒரு வருடம் கோடு போடத் தடை விதித்தார்கள். காற்றின் திசையை எழுதும் மேசையில் உட்கார்ந்தாள், சாய்ந்தால் சாய்ந்தபடியே போய்விடும் நாற்காலியில். தடை முடிந்து திரும்பியபோதும் அவளை மூடுபனி என்றே கூப்பிட்டார்கள். அதற்குள் யாருக்கும் அந்தப் பெயரின் கதை அவ்வளவாக நினைவில் இல்லை. அவளுக்கு இருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள், காது சூடாகவில்லை.

அந்த அறையில் அப்போதிலிருந்து ஒரு பழக்கம் வந்திருக்கிறது. காலையில் வந்து உட்கார்ந்ததும், காடுகளையும் வயல்களையும் பார்ப்பதற்கு முன்னால், எல்லோரும் முதல் படத்தில் தங்கள் தங்கள் வீடு இருக்கும் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். வெளியே கிளம்புவதற்கு முன் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்ப்பதுபோலத்தான். பார்த்துவிட்டு மூச்சுவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். ஆறு மணி அந்தப் படிவக் கட்டை இழுப்பறையிலிருந்து எடுத்து, வருகைப் பதிவேட்டின் பக்கத்தில், பேனாவோடு வைத்துவிட்டார். போன தீக்காலத்தின் பதினாறாம் நாள் கழுகு திரையில் தன் வீட்டுப் புள்ளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எழுந்து போய் ஒரு படிவத்தை உருவிக்கொண்டு வந்தான். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எந்த நாள் என்று மட்டும் ஆறு மணி கேட்டுக்கொண்டார்.